மருந்தில்லாத இரண்டு நாள்

தோளில் சாய்ந்திருக்கும் தலையை எடுக்கச் சொல்லவேண்டும் என்று துளசிமணி வந்து உட்கார்ந்ததிலிருந்து நினைத்துக்கொண்டுதான் இருந்தாள், வாய்தான் வரவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் மாடியில், ஈரல் வைத்தியப் பிரிவுக்கு வெளியே, சுவரோடு போட்டிருந்த இரும்பு நாற்காலி வரிசையில், எதிரே அத்தனை ஜனம் பார்க்க, கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துக்கு அப்புறம் சென்னியப்பன் அவள் தோளில் தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். வைத்ததோடு விட்டாரா, அவள் கையையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். எதிர் வரிசையில் தாலிக்கயிற்றில் மஞ்சள் மாறாத ஒரு சிறுசு, இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த புருசனை முழங்கையால் இடித்தாள். அங்கே பாருங்க, கிழவனும் கிழவியும் என்று சொல்லியிருப்பாள். யாரடி கிழவி, எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை என்று துளசிமணி மனசுக்குள் ஒரு அதட்டல் போட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்துக்கும் அடியில் வேறு ஒன்று இருந்தது, அதற்குப் பேர் வைக்கத் தெரியவில்லை. உடம்பு முழுவதும் எங்கேயோ போய்விட்டு இந்த ஒரு தோள் மட்டும் மிச்சம் இருக்கிறது போல இருந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் முன்னால் விறுவிறுவென்று போவார், இவள் பின்னால் சீலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு காலியாக இருந்தாலும் அவர் ஆம்பளைகள் பக்கம் போய் நிற்பார். அந்த மனுசரா இது. கனத்தது. கனக்கட்டும். மூச்சை ஆழமாக விட்டால் தலை சரிந்துவிடும் என்று மேலோட்டமாக விட்டுக்கொண்டாள், அப்போதுதான் அவர் மூச்சு அவள் மூக்கில் பட்டது. இனிப்பாக ஒரு வாடை, சீத்தாப்பழம் கனிந்து அழுகப் போகும்போது வருமே அது. துளசிமணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாடையை அவளுக்குத் தெரியாதா என்ன. போன தை மாசம் வீட்டில் இதே வாடை வந்தபோது பல் தேய்க்கவில்லை என்று நினைத்தாள், பகலெல்லாம் தூங்கியபோது அசதி என்று நினைத்தாள், சட்டையில் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டபோது கண்ணாடியை மாற்றவேண்டும் என்று நினைத்தாள். அப்புறம் ஒரு காலையில் எழுப்பினால் எழவில்லை. மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தார், வாயோரம் வழிந்ததைத் துடைக்கத் துடைக்க வழிந்தது, ஏனுங்க ஏனுங்க என்று காதுக்குள் கத்தினால்கூட ஒரு இமை அசையவில்லை. குடிப்பாரா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்டார்கள். ஒரு சொட்டு தொட்டதில்லை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள், போர் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போனவன் குடிக்காமல் வருவானா என்று சொந்தக்கார ஒரம்பரைகளே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடிக்கு எங்கே போவது. சர்க்கரை நோய், ஈரலில் கொழுப்பு, கொழுப்பு முற்றி ஈரல் சுருங்கிவிட்டது, இவ்வளவுதான் சங்கதி என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னது டாக்டர் நிலோஃபர்தான். கோயமுத்தூர்ப் பெண், தலையில் முக்காடு, மகள் வயசு இருக்கும், ஆராய்ச்சி டாக்டர். "குடல்ல சேர்ற கழிவை ஈரல்தாம்மா சுத்தம் பண்ணணும். இவருக்கு ஈரல் சுருங்கிப்போனதால சுத்தமாகாத ரத்தம் அப்படியே மூளைக்குப் போயிடுது. கோளாறு வயித்துல, மாறுறது மனசு." துளசிமணி அதைத் தனக்குப் புரிகிற மாதிரி மாற்றி வைத்துக்கொண்டாள். ஈரல் என்பது வாசலில் உட்கார்ந்திருக்கிற மாமியார் மாதிரி, கண்டதையும் கழியதையும் வீட்டுக்குள் விடாது. மாமியார் படுத்துவிட்டால் தெருவில் போகிறதெல்லாம் அடுப்படி வரைக்கும் வரும். அந்த ஆராய்ச்சியில் இவர்களைச் சேர்த்திருந்தார்கள், குடலும் ஈரலும் மூளையும் ஒன்றை ஒன்று எப்படிக் கெடுக்கின்றன என்று பார்ப்பது. மாசம் ஒரு தரம் வரவேண்டும், அவருக்கு ரத்தம் எடுப்பார்கள், அந்த முடிவு வருவதற்குப் பொழுது சாய்ந்துவிடும், அதற்கு முன்னால் வீட்டாளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். "ரத்தத்துல தெரியறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தாம்மா தெரியும். அவருக்கே தெரியாது. முன்கோபி சாதுவா ஆகலாம், சாது கத்தலாம். ஆள் வழக்கம் போல இல்லேன்னா அதுதான் மொத எச்சரிக்கை, அதை மட்டும் மறைச்சிடாதீங்க" என்று நிலோஃபர் முதல் நாளே அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். இதோ இன்றைக்கும் கூப்பிடுவார்கள். இன்னும் நாலைந்து பேர் முன்னால் இருக்கிறார்கள். மெதுவாகப் போகட்டும் என்று ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எல்லாம் அந்தச் சிரப்பால் வந்தது. இல்லை, சிரப்பைக் குடிக்காததால் வந்தது. தித்திப்பாகக் கொழகொழவென்று இருக்கும், தினம் மூன்று வேளை, குடித்தால் வயிறு கழியும், கழிந்தால்தான் விஷம் வெளியே போகும். நாளைக்கு இரண்டு மூன்று தரம் போயே ஆகவேண்டும் என்று கண்டிப்பு. வீட்டில் இருக்கிற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. முந்தாநாள் அவள் அண்ணன் பேத்திக்குக் காது குத்து, கெடா வெட்டு, தாய்மாமன் சீர் என்று வீடு நிறைய ஜனம், இருப்பதோ கொல்லையில் ஒற்றைக் கக்கூஸ், அதன் முன்னால் எந்நேரமும் பொம்பளைகள் பாத்திரம் கழுவிக்கொண்டு. மாப்பிள்ளை முறையில் போகிறவர் சொம்பைத் தூக்கிக்கொண்டு எத்தனை தரம்தான் அந்த வழியாக நடப்பார். "இன்னிக்கு ஒரு நாளைக்கு வேண்டாம் புள்ள, மானம் போயிரும்" என்றார். நியாயம்தானே என்று அவளுக்கும் பட்டது. நேற்றோ, விடிந்தால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், திருச்செங்கோட்டிலிருந்து கோயமுத்தூருக்கு விடிகாலை பஸ், வழியில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சவா முடியும் என்று நேற்றும் தள்ளியாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக மருந்தை நிறுத்துகிற கூத்தை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், ஆனால் இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேட்டுப் பார்த்தால் பாதிப் பேர் அதைத்தான் செய்துவிட்டு வந்திருப்பார்கள். அது வரைக்கும் தப்பு இரண்டு பேருக்கும் பொது. நேற்றுச் சாயங்காலம் நடந்ததுதான் அவளுக்கு மட்டும் ஆனது. மனசு கேட்காமல், பாதியாவது குடிக்கட்டும் என்று மூடியில் அளந்து எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் மூடியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். "எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்கறியே அம்மிணி. இப்புடி வந்து சித்த உக்காரு" என்றார். அம்மிணி என்றார். கல்யாணம் ஆன புதிதில்கூட ஏம்புள்ள, இந்தா, இங்க பாரு, இவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு பேர் கிடையாது. துளசிமணி உட்கார்ந்தாள். அவள் பாதத்தைப் பார்த்து வெடிப்பு ரொம்ப இருக்குது, வலிக்குமில்ல என்று கேட்டார். மருந்து மூடி அவள் கையில் இருந்தது. அவர் வாங்கவில்லை, அவளும் நீட்டவில்லை. அப்புறம் எழுந்துபோய்த் தொட்டியில் ஊற்றிக் கழுவிவிட்டாள். விடிகாலை பஸ்ஸுக்குத்தான் ஊற்றினேன் என்று அப்போது சொல்லிக்கொண்டாள், இப்போதும் சொல்லிக்கொண்டாள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தே சொல்லிக்கொண்டாள்.

ஏனென்றால் காத்திருந்தவளுக்குத்தான் தெரியும். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி தீபாவளி கழிந்து வடக்கே கிளம்பினால், ராய்ப்பூர், பிலாஸ்பூர், அதற்கும் அந்தப்பக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும், அங்கே மழை பிடித்துப் பூமி சேறானால்தான் வேலை நின்று ஆள் வீடு திரும்பும். ஊரில் மற்ற ஜனமெல்லாம் நம்மூருக்கு மழை பெய்யவேண்டும் என்று மாரியாத்தாளைக் கும்பிட்டால் இவள் ராய்ப்பூருக்குப் பெய்யவேண்டும் என்று கும்பிட்டாள். மாரியாத்தாளுக்கே குழம்பியிருக்கும். டீவியில் வானிலைச் செய்தி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவாள், தமிழ்நாட்டு வரைபடம் வரும்போது திரும்பிப் போய்விடுவாள். மழைக்கு வந்து சேருகிறவர் ஒரு பெட்டி நிறைய அழுக்குத் துணியும் காதுக்குள் இரைச்சலுமாக வருவார். துணி துவைத்தால் செம்புழுதி தண்ணீரில் இறங்கிவிடும், இரைச்சல் இறங்காது. கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே வருசக்கணக்காக நின்றதில் காது மந்தமாகிவிட்டது. எதைச் சொன்னாலும் என்ன என்பார். சோறு போடட்டுமா என்று கத்தலாம், மாடு கன்று போட்டிருக்கிறது என்று கத்தலாம், உங்களைப் பார்க்காமல் எனக்கு எப்படியோ இருக்கிறது என்பதை எப்படிக் கத்துவது, பக்கத்து வீட்டுக்கு மட்டுமா கேட்கும். சத்தமாகச் சொல்ல முடியாததையெல்லாம் சொல்வதையே விட்டுவிட்டாள். அவரோ இயற்கையிலேயே கல்லுளிமங்கன். போனில் கூப்பிட்டால், எல்லாரும் சௌக்கியமா, புள்ள படிக்குதா, வெச்சுரட்டா. அந்த வெச்சுரட்டா-வுக்காக அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள் உண்டு. கோபக்காரர் இல்லை, கை நீட்டினதில்லை, வேறு பொம்பளை வாடையில்லை, இப்படி ஒரு மனுசர் கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும் என்று அண்ணி சொல்வாள். குடுத்து வைத்தவள்தான். அரிசிச் சாக்கு மூலையில் இருந்தால் பசிக்காது என்று நினைக்கிறாள் அண்ணி. மகள் கலைவாணியைக் கட்டிக்கொடுத்து, வீடு வெறிச்சென்று ஆகி, ஈரல் கெட்டு அவர் வேலையை விட்டு நிரந்தரமாக வீட்டோடு வந்தபோது, ஐயோ நோயாளியாகப் போய்விட்டாரே என்று அழுத அதே கண்ணீரில் ஒரு சொட்டு, இனி எங்கேயும் போகமாட்டார் என்றும் இருந்தது. அப்படி ஒரு சொட்டு இருந்ததை அவள் சாமியிடம்கூடச் சொன்னதில்லை. வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"தூங்கிட்டியா?" என்றார் தோளிலிருந்து. "இல்லீங்க" என்றாள். "தூங்காத. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார், சொல்லவில்லை, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். என்ன சொல்லவேண்டும், சொல்லேன் மகராசா, உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிடேன். பஸ்ஸிலும் இப்படித்தான். இன்றைக்கு அதிசயமாக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார், பெருந்துறை தாண்டி வெளிச்சம் வந்தபோது, ஏதோ போன வாரம் விட்ட பேச்சைத் தொடர்கிறவர் மாதிரி ஆரம்பித்தார். "பாறைய ஒடச்சுக்கிட்டே போறப்ப வெறும் புழுதியாத்தான் வரும் அம்மிணி. மூக்கு வாயெல்லாம் அடைச்சுரும். தண்ணி வரதுக்கு மின்னாடி ஈரமா ஒரு காத்து வரும் பாரு குழிக்குள்ளிருந்து. அது மூஞ்சில அடிச்சா உன்ற நெனப்பு வந்துரும். எந்த ஊர்ல குழி போட்டாலும் அப்புடித்தான்." அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ஏனுங்க, இத இத்தன வருசமா ஒரு நா சொன்னதில்லையேங்க" என்று கேட்டதற்கு, "சொல்லிக்கிட்டுத்தான் இருந்தன். கம்ப்ரஸர் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது" என்றார். ராய்ப்பூரில் ஓடிய கம்ப்ரஸர் திருச்செங்கோட்டில் இருந்தவளின் காதை எப்படி அடைக்கும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை, ஆமாம் அதனால்தான் கேட்கவில்லை என்று அப்படியே நம்பினாள். அடுத்த நிமிசம் டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டரைப் பார்த்து, ராடை எறக்குடா பழனி, என்ன பாத்துக்கிட்டு நிக்கற என்று ரிக் வண்டிப் பையனை அதட்டுவது போல அதட்டினார். அப்புறம் செத்துப்போய்ப் பத்து வருசமான தன் தம்பி பஸ் மேல் தட்டில் உட்கார்ந்து வருகிறான், வெயில் ஏறுவதற்குள் இறக்கிவிடச் சொல் என்றார். கண்டக்டர் இவளைப் பார்த்தான், இவள் ஜன்னலைப் பார்த்தாள். அதிலிருந்து இதுதான் அவளுக்கு வேலை. முறத்தில் போட்டு அரிசி தனியாகக் கல் தனியாகப் பொறுக்குவது போல, இது பேச்சு, இது பிதற்றல் என்று பொறுக்கிக்கொண்டே வருகிறாள். தம்பி மேல் தட்டில் இருப்பது பிதற்றல், சரி. பழனி பிதற்றல். ஈரக் காற்று? அது எங்கிருந்து வந்தது? வயிற்றுக் கழிவு மூளைக்கு ஏறினால் இல்லாத பழனி வருவான், இல்லாத தம்பி வருவான், இல்லாத ஆசையும் அப்படித்தான் வருமா? இல்லை, உள்ளே கிடந்ததுதான் காவலுக்கு ஆள் இல்லாமல் வெளியே வந்ததா? இதை நிலோஃபரிடம் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாள், படித்த பெண். அதனாலேயே கேட்கக்கூடாது.

தரை துடைத்துக்கொண்டு வந்த பெண் அவர் காலருகே வந்து, காலைத் தூக்குங்க ஐயா என்றாள். தலையை நிமிர்த்திப் பார்த்தவர் முகம் மலர்ந்து, "சாப்டியா கண்ணு?" என்று கேட்டார். குரலில் அதே குழைவு, ஒரு இம்மி குறையவில்லை. அவளுக்கு என்ன, ஆச்சுங்கய்யா என்று சிரித்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில் துடைத்துவிட்டுப் போனாள்.  துளசிமணி அவள் போகிற போக்கையே பார்த்தாள், இடுப்பு வலித்துக் குனிந்து குனிந்து நிமிர்கிற அறுபது வயசுக் கட்டை, அவள் மேல் என்ன பொறாமை, உனக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது துளசிமணி, கிறுக்கு அவருக்கா உனக்கா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டியும் ஆறவில்லை. அப்படியானால் எல்லாருக்கும் இப்படித்தானா, கிடைத்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற சர்க்கரைப் பொங்கலா, நான் ஏதோ எனக்கென்று எடுத்து வைத்தது என்றல்லவா நினைத்தேன். சேலை மடிப்பில் போன் அடித்தது. கலைவாணி. "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போயாச்சா? அப்பா சிரப்பு கரெக்டாக் குடிக்கறாரா?" "குடிக்கறாரு சாமி." "ரெண்டு மூணு தடவ போறாரா?" "எல்லாம் போறாரு." "பேச்சு கீச்சு சரியா இருக்குதா? குடும்மா, ஒரு வார்த்த பேசறன்." "தூங்கறாரு கண்ணு, அப்பறம் பேசு" என்று வைத்துவிட்டாள். மகள் பேசினால் அப்பா அவளையும் கொஞ்சுவார், அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். அப்பா கொஞ்சினால் அது நோய் என்று மகளுக்குத் தெரிந்திருக்கிறது, பாவம். இருபத்து நாலு வயசில் அவளுக்குத் தெரிந்தது நாற்பத்தெட்டு வயசில் எனக்குத் தெரியாமலா இருக்கிறது.

கையைப் பிடித்திருக்கிறாரே, அது வேறு. கலைவாணி கேட்காத ஒன்று அந்தக் கையில் இருந்தது. வண்டியை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கையை நிமிர்த்தச் சொல்வார்கள் இங்கே, ரத்தத்தில் விஷம் ஏறியிருந்தால் கை நிற்காது, மணிக்கட்டில் தொங்கித் தொங்கி விழும். பஸ்ஸிலிருந்து இறங்கிக் காப்பி வாங்கிக் கொடுத்தபோது பார்த்தாள், தம்ளர் பிடித்த கை திடீர் திடீரென்று விழுந்து பாதிக் காப்பி வேட்டியில் கொட்டியது. அப்போது அவள்தான் முதலில் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்திருந்தால் ஆடாது. அதிலிருந்து விடவில்லை, அவரும் விடவில்லை, எதிரே இருந்த சிறுசு பார்த்துச் சிரித்த கொஞ்சல் இதுதான். இன்னும் கொஞ்ச நேரம், சொல்லவேண்டும் என்றாரே அதைச் சொல்லிவிடட்டும், அப்புறம் விடுகிறேன் என்று பேரம் பேசினாள், யாரிடம் பேசினாளோ. எனிமா கொடுப்பார்கள், ஊசி போடுவார்கள், நாளைக்கு இந்நேரம் தெளிந்துவிடுவார், தெளிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, என்ன இங்க உக்காந்துக்கிட்டு இருக்கற, ஊட்டுல மாட்ட யார் பாத்துக்கறா என்று கேட்பார். அந்தக் குரல் இப்போதே காதில் கேட்டது. அந்தக் குரலோடு இன்னும் எத்தனை வருசம். ஒரு வருசமோ பத்து வருசமோ, கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு. அதற்கு இந்த இரண்டு நாள் போதாதா, இதோடு, இப்படியே, என்று ஓடிய நினைப்பு எங்கே போய் முட்டுகிறது என்று தெரிந்ததும் துளசிமணிக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. இப்படியே என்றால் என்ன. இப்படியே என்றால் தை மாசம். வாயோரம் வழிகிறது, இமை அசையாது. நான் என்ன நினைத்தேன் இப்போது. அவர் பேசுகிற பேச்சுக்கு ஆசைப்பட்டு அவர் மூச்சுக்கே உலை வைக்கவா. "ஏனுங்க" என்று தோளை அசைத்தாள். பதில் இல்லை. "ஏனுங்க!" வெகு தூரத்திலிருந்து வருகிற மாதிரி "ம்" என்றார். "என்னமோ சொல்லோணும்னீங்களே." "யாரு?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறந்தபடி சாய்ந்தார். அப்போதுதான் கதவு திறந்து, சென்னியப்பன் வீட்டுக்காரம்மா வாங்க என்று கூப்பிட்டார்கள்.

கையை விரல் விரலாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. உள்ளே நிலோஃபர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்கம்மா, பஸ் பயணம் எல்லாம் எப்படி இருந்துச்சு? இன்னிக்கு ரொம்பக் கூட்டம், காக்க வச்சிட்டேன்." அந்தப் பரிவைக் கேட்டதும் துளசிமணிக்கு அழுகை முட்டியது, அழுதால் மாட்டிக்கொள்வோம் என்று சிரித்து வைத்தாள். மருந்து ஒழுங்காக நடக்கிறதா? நடக்கிறது. தூக்கம்? எப்பவும் போல. சாப்பாடு? எப்பவும் போல. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது, உள்ளே ஒருத்தி சொல்லு சொல்லு என்று அடித்துக்கொண்டிருந்தாள், வெளியே இருக்கிறவள் சீலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு எப்பவும் போல என்றாள். நிலோஃபர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். "உங்களைக் கூப்பிட்டப்ப இந்தக் கண்ணாடி வழியாப் பார்த்தேன். உங்க தோள்ல சாஞ்சு கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். அதுக்காகக் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட அவர் எப்பவுமே இப்படிப் பிரியமாத்தான் இருப்பாரா?" துளசிமணி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, பெற்ற தாய்கூடக் கேட்டதில்லை. "ஆமாங்க" என்றாள். சொன்னதும் நெஞ்சுக்குள் என்னவோ திறந்துகொண்டது. "எப்பவுமே அப்புடித்தானுங்க. அம்மிணின்னுதான் கூப்புடுவாரு. நான் நின்னா அவருக்குப் பொறுக்காதுங்க, உக்காரு உக்காரும்பாரு. வடக்க ரிக் வண்டில இருக்கறப்பவும் என்ற நெனப்பாவே இருப்பாரு." கேட்கக் கேட்க நிலோஃபரின் முகம் இளகியது. "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்று சொல்லிப் பேனாவை எடுத்தாள். அந்த ஒரு கணம் துளசிமணி அப்படி ஒருத்தியாக இருந்தாள். இருபத்தாறு வருசமும் கொஞ்சப்பட்டவள், போனில் நேரம் போவது தெரியாமல் பேசப்பட்டவள், கல்யாண வீடுகளில் பக்கத்தில் நடந்தவள். ஒரு டாக்டர் அதை நிஜம் என்று எழுதப் போகிறாள், எழுதிவிட்டால் அது நடந்ததுதான். பேனா தாளில் பட்டது. வழக்கம் போல இருக்கிறார் என்று எழுதுவாள், வீட்டுக்குப் போங்கள் என்பாள், பஸ் ஏறுவார்கள்.

"எழுதாதீங்க சாமி" என்றாள் துளசிமணி. தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை. நிலோஃபர் நிமிர்ந்தாள். "ரெண்டு நாளா மருந்து குடுக்கலீங்க. காது குத்து வந்துச்சு, அப்பறம் பஸ்ஸு, அப்பறம்... நான்தானுங்க குடுக்கல. கை நிக்க மாட்டீங்குது, நான் புடிச்சு மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தன். செத்தவங்க வந்திருக்காங்கன்னு சொல்றாரு. இப்பக் கூப்புட்டா பதிலும் சரியா வரல." நிலோஃபர் அதற்குள் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே இருந்த நர்ஸிடம் ஸ்ட்ரெச்சர் என்று சொல்லிவிட்டாள். திரும்பிப் பார்த்து, "அம்மா, நான் உள்ள எழுதி அனுப்பணும், தெளிவாச் சொல்லுங்க. அப்போ நீங்க சொன்னீங்களே, அந்தப் பிரியமெல்லாம் வழக்கம் இல்லையா? எப்ப ஆரம்பிச்சுது?" என்றாள்.

"நேத்துப் பொழுதோடதானுங்க" என்றாள் துளசிமணி. கண்ணீர் இறங்கி வாய்க்குள் போனது, துடைக்கவில்லை. "எங்கூட்டுக்காரரு அப்புடிப்பட்டவரு இல்லீங்க. நல்லா இருந்தாருன்னா எங்கிட்டப் பேசவே மாட்டாருங்க. நல்லாப் பண்ணிக் குடுங்க."